எட்டு ஓம்

வெல்லாவெளி
22.04.2025

ஜெயந்தன் அவர்களுக்கு,

சுகமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் சுகமில்லை என்று எழுதுவீர்கள், அதை வாசித்து நான் இரக்கப்பட வேண்டியிருக்கும். எனக்கு அந்த எண்ணம் இல்லை.

உங்கள் இலக்கத்தை என் போனில் மறித்துத்தான் வைத்திருக்கிறேன். திறந்தால் உங்கள் குரலைக் கேட்க வேண்டும். போன வருடம் அம்மன் கோயில் சடங்கில் கேட்டதே போதும். நான் பொங்கல் பானையோடு பெண்களின் வரிசையில் நின்றேன். நீங்கள் மைக் பூட்டிவிட்டு, அது திறந்திருப்பது தெரியாமல் உங்கள் கூட்டாளியிடம் சொன்னீர்கள்: "வீடு வராட்டி இவள ஆர் கட்டுவான்?" நமது ஸ்பீக்கர்ப் பெட்டி இரண்டும் அதை ஊர் முழுக்கச் சொல்லின. வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இங்கே எல்லாப் பெண்ணுக்கும் சீதனமாக வீடு கொடுத்துத்தான் கட்டி வைக்கிறார்கள். ஆனால் வீட்டுக்காகத்தான் கட்டினேன் என்று புருசன் வாயாலேயே ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டவள் நான் ஒருத்திதான்.

அன்றைக்கே உங்களை வீட்டை விட்டு அனுப்பினேன். அது பிழை என்று இன்றும் நினைக்கவில்லை.

கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் கனகசிங்கம் ஐயா கோயில் கூட்டத்தில் தீர்ப்புச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். கோயில் மைக்கில் போன மானம் கோயில் மைக்கில்தான் திரும்பி வரவேண்டும். இந்த வருடச் சடங்கில், சடங்கை முடிக்கும் குளிர்த்திக்கு முந்தின நாள் பின்னேரம், அதே இடத்தில் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் வீட்டுக்கு வரலாம். நீங்களும் தலையாட்டி "ஓம்" என்றீர்கள்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். சித்தாண்டியில் ஒரு கலியாண வீட்டில் என் தம்பி லக்ஷன் அம்ப்ளிபயரைச் சிவப்பு லைட் எரியும் வரை முறுக்கிவிட்டான். வலது பெட்டியில் கூர்மையான சத்தம் தரும் டுவீட்டர் செத்துவிட்டது. கனத்த சத்தம் மட்டும் வருகிறது. பெண்ணின் பெயர் விதுர்ஷா. அந்தப் பெட்டிப் பக்கம் இருந்தவர்களுக்கு அறிவிப்பில் அது "விது ஆ" என்று போனது. பெண்ணின் தகப்பன் வந்து சண்டை பிடித்தார்.

கழற்றிப் பார்த்தேன். டுவீட்டரின் முதுகில் இருந்த எழுத்தையெல்லாம் பிளேடால் சுரண்டி வைத்திருக்கிறீர்கள், வேறு கடைக்காரன் பார்த்துக் கொப்பி அடிக்கக்கூடாது என்று. குறொஸ்ஓவரையும் பசை ஊற்றி மூடிவிட்டீர்கள். அதனால் வேறு வழியில்லாமல் உங்களிடம் கேட்கிறேன். அந்தப் பெட்டிக்கு எந்த டுவீட்டர் பொருந்தும்?

உங்கள் மன்னிப்பு இந்தப் பெட்டி வழியாகத்தான் வரப்போகிறது. அதில் ஒவ்வொரு எழுத்தும் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சுலோஜனா


கிரான்
28.04.2025

சுலோ,

ஒரு வருடத்துக்குப் பிறகு உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோசப்பட்டுத்தான் உடைத்தேன். உள்ளே டுவீட்டர் இருந்தது.

நான் இங்கே அக்கா வீட்டு விறாந்தையில் நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுக்கிறேன். அத்தானுக்கு என் முகத்தைப் பார்த்தாலே இருமல் வருகிறது. அந்தப் பெட்டிகள் நான் பலகை அறுத்து, கார்ப்பெற் ஒட்டி, என் கையால் செய்தவை. இப்போது உன் தம்பி அதை வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறான், நான் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஆம்பிளைகள் தங்களுக்குள் பகிடிக்கு ஆயிரம் பறைவார்கள். மைக் திறந்து கிடந்தது என் குற்றமா?

சரி, கேட்டுவிட்டாய். தொழில் என்று வந்தால் நான் ஒளிப்பவன் அல்ல. குறொஸ்ஓவர் என்பது பெட்டிக்குள் இருக்கும் பங்குக்காரன். அம்ப்ளிபயரிலிருந்து வருவதை வாங்கி, கனத்த சத்தத்தை வூஃபருக்கும் கூர்மையான சத்தத்தை டுவீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும். அதற்கென்று கரண்ட் தேவையில்லை, தானாகவே பிரிக்கும். ஆனால் எத்தனை ஓம் தடையுள்ள டுவீட்டருக்கென்று கட்டினேனோ அத்தனை ஓம்தான் போட வேண்டும்.

செத்ததை அளந்து பயனில்லை. இடது பெட்டியில் நல்லது இருக்கிறது, அதைக் கழற்றி மீற்றரில் வைத்துப் பார். ஆறுக்குக் கிட்டக் காட்டும். மீற்றர் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், ஆகவே அது நாலு ஓம். நாலு ஓமில் பட்டுத்துணி வைத்த டுவீட்டர் வாங்கு. மனுசக் குரலுக்கு அதுதான் இனிமை. ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டு பெட்டியும் இரண்டு விதமாகப் பாடும், அதனால் சோடியாக இரண்டையும் மாற்று.

மறுகா, வீட்டு முன் குழாய் இன்னும் ஒழுகுகிறதா? லக்ஷனுக்கு வாசர் மாற்றத் தெரியாது என்று எனக்குத் தெரியும்.

ஜெயந்தன்


வெல்லாவெளி
06.05.2025

ஜெயந்தன் அவர்களுக்கு,

குழாய் ஒழுகவில்லை. நான்தான் வாசர் மாற்றினேன்.

இடது பெட்டியைக் கழற்றி அளந்தேன். நீங்கள் சொன்னது போலவே ஆறுக்குக் கிட்டக் காட்டியது. ஆனால் எனக்கு ஒன்று விளங்கவில்லை. இதில் இருந்தது இரும்புக் காந்தமும் குழல் வாயும் வைத்த டுவீட்டர். கோயில் வெளியில் கடைசி வரிசை வரை கொண்டுபோகும் சாமான். நீங்கள் சொல்வது வீட்டுக்குள் பாட்டுக் கேட்பவர்கள் வைக்கும் பட்டுத்துணிச் சாமான். பஸ்ஸில் காத்தான்குடிக்குப் போய் றிஸானாவின் கடையில் கேட்டேன். அவவும் அவவின் புருசனும் ஸ்பீக்கர் சாமான்தான் விற்கிறார்கள், உங்களையும் தெரியும். "எத்தின ஓம் கேட்டார்?" என்றா. நாலு என்றேன். "அந்தப் பெட்டிக்கா?" என்று கேட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்தா. புருசன் பெண்சாதி விசயத்தில் வாய் வைக்கக்கூடாது என்று நினைத்திருப்பா.

வாங்காமல் திரும்பி வந்தேன். நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல்லுங்கள். நாலு ஓம் என்பது உண்மையா? கோயில் கூட்டத்திலும் நீங்கள் ஓம் என்றுதான் சொன்னீர்கள். உங்கள் ஓம் எது உண்மை, எது ஒப்புக்கு என்று பிரித்துப் பார்க்க என்னிடம் மீற்றர் இல்லை.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். அந்த மன்னிப்பு தெளிவாகக் கேட்காவிட்டால் அது எனக்கு மன்னிப்பே இல்லை. வண்ணக்கர் ஐயா போதும் என்றாலும் நான் போதும் என்று சொல்ல மாட்டேன்.

சுலோஜனா


கிரான்
11.05.2025

சுலோ,

பதினைந்து வருடம் இந்தத் தொழிலில் கிடந்தவனை விட, கடைக்காரி முகத்தைத் திருப்பியது உனக்குப் பெரிதாகப் போய்விட்டது. அவவுக்கு விலை கூடின சாமானை உன் தலையில் கட்ட வேண்டும், அதற்குத்தான் அந்த முகம். நாலு ஓம். ஓம் என்றால் ஓம்தான். பட்டுத்துணி. சோடியாக மாற்று. இனிக் கேட்காதே.

உன் மனதில் இருப்பது எனக்கு விளங்காமல் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் கேட்க வேண்டுமாம். கட்டின புருசனை ஊருக்கு முன்னால் தலைகுனிய வைத்து, அதைத் துல்லியமாக வேறு கேட்க வேண்டும் உனக்கு. என் அக்கா பிள்ளைகள், என்னோடு படித்தவர்கள், நான் மைக் பூட்டிக் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்காரனும் அங்கே நிற்பான். அதில் உனக்கு என்ன கிடைக்கப்போகிறது? ஒரு வருடமாக நான் பட்டது போதாதா?

பயப்படாதே, வருகிறேன். சொன்ன நாளில், சொன்ன இடத்தில், வெள்ளை வேட்டியோடு நிற்பேன். கேட்க வேண்டியதைக் கேட்பேன். அதன் பிறகு யாரும் என்னை வாசலில் மறிக்கக்கூடாது.

ஜெயந்தன்


வெல்லாவெளி
29.05.2025

ஜெயந்தன் அவர்களுக்கு,

நீங்கள் எழுதியபடியே நாலு ஓமில் பட்டுத்துணி டுவீட்டர் வாங்கி இரண்டு பெட்டிக்கும் போட்டாயிற்று. போட்டுப் பார்த்ததில் சத்தம் கொஞ்சம் அடைத்த மாதிரி இருக்கிறது. லக்ஷன் வாயில் துணி வைத்துப் பாடுவது போல் இருக்கிறது என்கிறான். சடங்குக்கு நாள் கிட்டிவிட்டது, இனி மாற்ற நேரமில்லை. மைக் போன வருடம் இருந்த இடத்தில்தான், பெட்டிகளுக்குப் பின்னால். கோயில் வெளியைப் பார்த்தபடி பெட்டிகள் முன்னால் நிற்கும். நீங்களே பழக்கிய முறைதான்.

வந்து சேருங்கள்.

சுலோஜனா


கிரான்
02.06.2025

சுலோ,

புது டுவீட்டர் முதலில் அப்படித்தான் இருக்கும். பாடப் பாட இளகும், ஒன்றும் யோசிக்காதே. சடங்குப் பாட்டுகளை நன்றாகச் சத்தமாகவே போடச் சொல் லக்ஷனிடம். எவ்வளவு முறுக்குகிறானோ அவ்வளவு நல்லது.

நான் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறேன், நித்திரையும் வருகிறது. அத்தான் கூட "என்ன, முகத்தில களை வந்திருக்கு" என்றார். வீட்டுக்குப் போகப்போகிறேன் என்றேன். என் சாரம் இரண்டு அங்கே கிடக்கும், தோய்த்து வை.

ஜெயந்தன்


வெல்லாவெளி
19.06.2025

ஜெயந்தன் அவர்களுக்கு,

நடந்தது என்ன என்று உங்களுக்கு இன்னும் முழுதாக விளங்கியிருக்காது. வண்ணக்கர் ஐயா உங்களை இறக்கிவிட்ட வேகத்தில் எதுவும் கேட்க நேரம் இருந்திருக்காது. நானே எழுதுகிறேன். ஒவ்வொன்றையும் நீங்கள் அறிய வேண்டும்.

உங்கள் இரண்டாவது கடிதம் வந்ததும் நான் மறுபடியும் காத்தான்குடிக்குப் போனேன். இந்த முறை மீற்றரைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். எட்டு ஓம் என்று அச்சடித்த புது டுவீட்டர் ஒன்றை எடுக்கச் சொல்லி றிஸானாவின் கண்ணுக்கு முன்னாலேயே அளந்தேன். ஆறுக்குக் கிட்டக் காட்டியது. நாலு ஓம் என்று அச்சடித்ததை அளந்தேன். மூன்றுக்குச் சற்று மேலே காட்டியது. மீற்றர் கூட்டிக் காட்டவில்லை, குறைத்துத்தான் காட்டுகிறது. நமது பெட்டியில் இருந்தது எட்டு ஓம். அதை அறியாதவர் அல்ல நீங்கள். நான் அறியமாட்டேன் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

வீட்டுக்கு வந்து கத்தியைச் சூடாக்கி, குறொஸ்ஓவரின் மேல் நீங்கள் ஊற்றிய பசையை வழித்தேன். உள்ளே கப்பாசிற்றரில் எழுத்து அப்படியே இருந்தது, அதைச் சுரண்ட மறந்துவிட்டீர்கள். போனில் தேடிக் கணக்குப் பார்த்தேன். எட்டு ஓம் போட்டால் வூஃபர் விடும் இடத்தில் டுவீட்டர் பிடிக்கும். நாலு ஓம் போட்டால் டுவீட்டர் மிகவும் மேலே போய்த்தான் தொடங்கும். இடையில் உள்ளது இரண்டு பேருக்கும் இல்லாமல் போகும். பேச்சின் கூர்மை முழுக்க அந்த இடையில்தான் இருக்கிறதாம். அதோடு பட்டுத்துணி நமது வூஃபருக்குப் பக்கத்தில் முணுமுணுக்கத்தான் செய்யும், கோயில் அம்ப்ளிபயரில் முறுக்கினால் முதல் நாளே கருகும். அதனால்தான் சோடியாக மாற்று என்றீர்கள், ஒரு பெட்டி கூடத் தப்பக்கூடாது என்று. நீங்கள் மன்னிப்புக் கேட்ட மாதிரியும் இருக்க வேண்டும், ஒருவருக்கும் கேட்காத மாதிரியும் இருக்க வேண்டும்.

அன்று எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. போன வருடம் நீங்கள் சொன்னது வாய் தவறி வந்தது. இது உட்கார்ந்து யோசித்து, முத்திரை ஒட்டி அனுப்பியது.

எட்டு ஓமில், குழல் வாய் வைத்த, வூஃபருக்குச் சமமாகச் சத்தம் போடக்கூடிய டுவீட்டர் ஒன்று வாங்கினேன். வலது பெட்டிக்குப் பூட்டி, இடது பெட்டியின் பழையதோடு ஒரே பாட்டைப் போட்டுக் கேட்டேன். எது புதிது, எது பழையது என்று லக்ஷனால் சொல்ல முடியவில்லை. அதன் பிறகுதான் உங்களுக்கு அந்தப் பொய்க் கடிதத்தை எழுதினேன். உண்மையை எழுதினால் வேறு ஒரு தில்லுமுல்லுச் செய்வீர்கள் என்று பயந்தேன். எனக்கு வேண்டியது உங்கள் வாயிலிருந்து ஒரு சொல் தெளிவாக வருவது. அதற்கு மேல் நான் எதுவும் நினைக்கவில்லை, அம்மன் மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

நீங்கள் வந்தீர்கள். பெட்டிகளுக்குப் பின்னால் போய் மைக்கைப் பிடித்தீர்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்ததை ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டீர்கள், உங்கள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. முன் வரிசையின் ஓரத்தில் இருந்த எனக்கு அது தெரிந்தது. பெட்டிக்குப் பின்னால் நிற்பவனுக்குக் கனத்த சத்தம் மட்டும்தான் வரும், கூர்மையான சத்தமெல்லாம் முன்னால் பார்த்துப் போய்விடும். இதை எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள். பதினைந்து வருடத் தொழிலை மறந்துவிட்டு, உங்கள் தில்லுமுல்லு பலித்துவிட்டது என்று நம்பிவிட்டீர்கள்.

தலையைக் குனிந்தீர்கள். மைக்கை உதட்டோடு ஒட்டினீர்கள். மறுகா நீங்கள் மைக்கில் பறைந்தது இது. ஒரு எழுத்தும் விடாமல் எழுதுகிறேன்:

"மன்னிப்பாம் மன்னிப்பு. ஆருக்குக் கேக்கப்போகுது இது. வண்ணக்கர் கிழவனுக்கு வேற வேலையில்ல. நான் அண்டைக்குச் சொன்னது பொய்யா? வீட்டுக்காகத்தான் கட்டினன், இண்டைக்கும் வீட்டுக்காகத்தான் வந்து நிக்கன். ரெண்டு மாசம் வாயப் பொத்திக்கிட்டு இருந்தாச் சரி, பிறகு ஆர் ஆரக் கலைக்கிறது எண்டு பாப்பம்."

பிறகு கும்பிட்டீர்கள்.

 பறை அடிப்பவர்கள் கூட நிறுத்திவிட்டார்கள். நீங்கள் அதை மரியாதை என்று நினைத்திருப்பீர்கள், ஏனென்றால் இரண்டாவது தடவையும் கும்பிட்டீர்கள். கனகசிங்கம் ஐயா எழும்பி வந்து உங்கள் கையிலிருந்து மைக்கை வாங்கி, "இறங்கிப் போ தம்பி. எல்லாருக்கும் கேட்டிச்சு" என்றார். அதுவும் மைக்கில்தான் போனது.

இந்த முறை எல்லாரும் திரும்பிப் பார்த்தது உங்களை. எனக்குப் பக்கத்தில் இருந்த இரத்தினம்மா அக்கா, போன வருடம் வாயைப் பொத்திச் சிரித்தவ, என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ அழாத கா" என்றா. நான் அழவில்லை. நல்ல டுவீட்டர் தேடி வாங்கி, அதே வசையைப் போன வருடத்தை விடத் துல்லியமாகக் கேட்டுக்கொண்டு இருந்தேன். வலித்தது, உங்களுக்கு அதைச் சொல்வதில் வெட்கமில்லை. ஆனால் இப்போது உங்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது, அதைச் சொல்வதிலும் வெட்கமில்லை.

வீட்டுக்கு வரவேண்டாம்.

சுலோஜனா


கிரான்
27.06.2025

சுலோ,

நீ பொய் எழுதினாய். அந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன், வண்ணக்கரிடம் கொண்டுபோய்க் காட்டுவேன் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் யோசித்தேன், அதைக் காட்டினால் நான் உனக்கு எழுதியதையும் நீ காட்டுவாய்.

இங்கே என்னை ஒருவரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. ஒரு கலியாண வீட்டில் மைக் பூட்டப் போனேன். மாப்பிள்ளையின் தாய், "இவனக் கிட்ட விடாதீங்க, என்னத்தப் பறைவானோ தெரியாது" என்றா. எல்லாரும் சிரித்தார்கள். அக்கா என்னோடு கதைப்பதில்லை. அத்தான் மட்டும்தான் கதைக்கிறார், எப்போது போகப்போகிறாய் என்று.

உனக்குச் சந்தோசமா? உண்மையைச் சொல்.

நேற்று முழுக்க மழை. விறாந்தையில் இருந்து யோசித்தேன். போன வருடம் நான் அப்படிச் சொன்னது பகிடிக்கு இல்லை, வீம்புக்கு. உன் வீட்டில் உன் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பவன் என்று என் கூட்டாளிகள் என்னை நக்கல் அடிப்பார்கள். அவர்களுக்கு முன்னால் உன்னைக் குறைத்துப் பேசினால் நான் உயர்ந்துவிடுவேன் என்று நினைத்தேன். அது உண்மையும் இல்லை. பெண் பார்க்க வந்த அன்று நான் வீட்டைப் பார்க்கவே இல்லை. நீ றேடியோவைத் தட்டித் தட்டிப் பாட வைத்துக்கொண்டிருந்தாய், அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் செய்தது பெரிய பிழை. இரண்டு தடவையும். என்னை மன்னித்துக்கொள். இதை எழுதும்போது எனக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை, யாருக்காகவும் எழுதவில்லை.

ஜெயந்தன்


வெல்லாவெளி
04.07.2025

ஜெயந்தன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியை மூன்று தடவை வாசித்தேன். நல்லாக எழுதியிருக்கிறீர்கள். உண்மை என்றும் நம்புகிறேன். அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது. இந்தச் சொல்லை உள்ளே வைத்துக்கொண்டா அன்று அங்கே நின்று அதைப் பறைந்தீர்கள்?

சந்தோசமா என்று கேட்டீர்கள். ஊர் உங்களைப் பார்த்துச் சிரிப்பதில் சந்தோசம்தான். ஆனால் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதையும் இன்று தீர்த்துவிடுகிறேன்.

நீங்கள் அறியாத ஒன்று இருக்கிறது. சடங்குக் காலம் என்பதால், நீங்கள் மன்னிப்புக் கேட்க வர இருந்த அன்று வீட்டில் மரக்கறிதான். கத்தரிக்காய்ப் பால்கறியும் பருப்பும் முருங்கையிலைச் சுண்டலும் வைத்தேன். உங்களுக்குப் பிடிக்கும் என்று அப்பளமும் பொரித்து டின்னில் போட்டு மூடினேன். இரண்டு பேருக்கு அரிசி போட்டேன். பெரிய அறையைக் கழுவி, பாய்க்குப் புது விரிப்புப் போட்டேன். நீங்கள் நாலு ஓம் என்று பொய் எழுதியது தெரிந்த பிறகும்தான் இதெல்லாம் செய்தேன். கேட்டால் போதும், எப்படிக் கேட்டாலும் போதும், கூட்டிக்கொண்டு வந்துவிடுவோம் என்று நினைத்துக்கொண்டுதான் கோயிலுக்கு வந்தேன்.

"மன்னித்துக்கொள்" என்ற ஒரு சொல்தான். இந்தக் காகிதத்தில் எழுதிய அதே சொல். அன்று அதை மைக்கில் சொல்லியிருந்தால் அன்றிரவு உங்கள் வீட்டில் சாப்பிட்டிருப்பீர்கள்.

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் சொல்கிறேன். விறாந்தையில் படுக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். மறுநாள் காலையில் லக்ஷன் சாப்பிட்டான்.

சுலோஜனா